ஆறு குப்பிக்காக அலைந்த இரவு

என் அம்மாவுக்கு 61 வயது. நெஞ்சுக்குள் செயற்கை வால்வு இருக்கிறது. 2012-லிருந்து ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அசிட்ரோம் மாத்திரை போடுகிறாள். போன ஆடி மாதம் ஒரு புதன்கிழமை சாயந்திரத்திலிருந்து ராத்திரி வரை, அந்த மாத்திரை ரத்தத்தில் செய்து வைத்திருந்த வேலையை முறிக்கிற மருந்தைத் தேடி நான் அலைந்தேன். அப்பா இல்லை, தம்பி துபாயில். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒற்றை ஆளாக நின்றுகொண்டு, "இதை முன்னாடியே ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா" என்று எத்தனை தடவை நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கணக்கு டீச்சர். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

அம்மாவுக்குச் சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாம். அது இதய வால்வைச் சுருக்கிவிட்டது என்பது நாற்பது வயதுக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையத்தில் உருவாக்கிய சித்ரா வால்வைத்தான் அவளுக்கு வைத்தார்கள். 1990-லிருந்து நம் நாட்டில் பொருத்தப்படுகிற வால்வு அது. செயற்கை வால்வில் ரத்தம் பட்டுக்கொண்டே இருந்தால் அதில் ரத்தக் கட்டி உண்டாகும், அது அடைத்துக்கொள்ளும், அல்லது பிய்ந்து மூளைக்குப் போகும். அதைத் தடுக்கத்தான் ஆயுசுக்கும் இந்த மாத்திரை. மாசாமாசம் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற எண் அது. இந்த மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு அது 1 பக்கத்தில் இருக்கும். அம்மாவுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் அந்த நோட்டை ஒழுங்காக வைத்திருந்தோம். அந்த ஒழுங்கே எங்களை அசட்டையாக்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் தெருவில் கோயில் கொடை. மூன்று நாள் சாப்பாடு. நாலாம் நாள் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவளே மெடிக்கல் கடைக்குப் போய்ச் சொல்லி, மெட்ரோனிடசோல் ஐந்து நாளைக்கு வாங்கி வந்துவிட்டாள். முட்டி வலிக்கு என்று பழைய டைக்ளோஃபெனாக்கையும் இரண்டு தடவை போட்டிருக்கிறாள். வயிறு சரியில்லை என்று கஞ்சியைத் தவிர வேறு எதுவும் சாப்பிடவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சாதாரண விஷயம். ஆனால் மெட்ரோனிடசோல், கல்லீரல் அசிட்ரோமைக் கரைத்து வெளியேற்றுகிற வேகத்தைக் குறைத்துவிடும். அதே ஒரு மாத்திரை இரண்டு மாத்திரை மாதிரி வேலை செய்யும். கீரையும் காயும் இல்லாத கஞ்சியில் வைட்டமின் கே கிடையாது. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தத் தட்டணுக்களையும் மந்தமாக்கும். மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்துகொண்டன.

அறிகுறி இருந்தது. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்று திங்கட்கிழமையே சொன்னாள். முழங்கையில் ஒரு நீலத் தடம் இருந்ததை நானே பார்த்தேன். "எங்கயோ இடிச்சிருப்பேன்ட்டி" என்றாள், விட்டுவிட்டேன். அன்றைக்கே ஒரு ஐ.என்.ஆர். பார்த்திருந்தால் மூன்று நூறு ரூபாயோடு போயிருக்கும். எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இதுதான்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி, பின்வாசலில் கால் வழுக்கி நிலைக்கட்டையில் தலை இடித்துக்கொண்டாள். வெளியே ரத்தமில்லை, வீக்கம்கூடப் பெரிதாக இல்லை. தைலம் தேய்த்துப் படுத்தாள். நானும் "நல்லவேளை, ஒண்ணும் ஆகல" என்று படுத்துவிட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால் அது சின்ன அடியாக இருந்தாலும், நல்லாப் பேசிக்கொண்டிருந்தாலும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. மண்டைக்குள் மெதுவாகக் கசிகிற ரத்தம் முதல் சில மணி நேரத்துக்கு எதையும் காட்டாமல் இருக்கலாமாம். புதன்கிழமை பன்னிரண்டரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன் பண்ணினாள். "டீச்சர், அம்மா ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டாங்க, எழுப்புனா கண்ண முழிச்சுட்டு மறுபடி தூங்குதாங்க, பேச்சு குழறுது."

ஆட்டோ பிடித்து ஊரில் இருந்த நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். டியூட்டி டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். நான் "ஹார்ட் மாத்திரை" என்றேன். பிரஷர் இருக்கிறதா, சுகர் இருக்கிறதா என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. சுகர் குறைந்திருக்குமோ என்று குளுக்கோஸ் பார்த்தார்கள். சட்டையைத் தளர்த்தி ஸ்டெதாஸ்கோப் வைத்தபோதுதான் நெஞ்சில் நடுக்கோடாக இருந்த தழும்பையும் வால்வின் சத்தத்தையும் கவனித்து, "அசிட்ரோம் எடுக்கிறாங்களா? ஏன் முதல்லயே சொல்லல?" என்று சத்தம் போட்டார். அரை மணி நேரம் போயிருந்தது. நோட்டு வீட்டில் பீரோவுக்குள் இருந்தது. இப்போது அம்மாவின் மணிபர்ஸில் ஒரு அட்டை இருக்கிறது, என் போன் உறையின் பின்னால் அதன் நகல் ஒன்று. மாத்திரையின் பெயர், அளவு, எதற்காக, கடைசியாகப் பார்த்த ஐ.என்.ஆர்., ரத்த வகை, எடை, என் நம்பர். எடையை எதற்குச் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு மேலே உறைக்கு அடியில் இடது பக்கம் ரத்தம் தேங்கி மூளையை வலப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு 108-ல் போனோம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கா, தனியாருக்கா என்று வண்டிக்குள்ளேயே கேட்டார்கள். சொந்தக்காரர் ஒருவர் போனில் அடித்துச் சொன்னதால் தனியார் என்று சொல்லிவிட்டேன். அது சரியா தப்பா என்று இப்போதும் எனக்குத் தெளிவில்லை. ரத்த வங்கியும் மூளை அறுவை டாக்டரும் ஒரே வளாகத்தில் இருக்கிற இடமா என்று மட்டும் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. நாங்கள் போன இடத்தில் டாக்டர் இருந்தார், ரத்த வங்கி இல்லை.

ஐந்தரை மணிக்கு ரிசல்ட் வந்தது. ஐ.என்.ஆர். 8.2. மூளை டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுப் பேசினார். "மண்டையத் திறந்து ரத்தத்த எடுக்கணும். ஆனா இந்த நிலையில கத்தி வச்சா ரத்தம் நிக்காது. முதல்ல மருந்த முறிக்கணும்." முறிக்கிற மருந்து என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் மனுஷர், சமையல் கணக்கில் சொன்னார். ரத்தத்தை உறைய வைக்கிற புரதங்களில் நாலை, அதாவது 2, 7, 9, 10 என்று நம்பர் போட்ட ஃபேக்டர்களை, கல்லீரல் சமைப்பதற்கு வைட்டமின் கே வேண்டும். அசிட்ரோம் அந்த வைட்டமினை முடக்கிவிடும். ஊசியில் வைட்டமின் கே ஏற்றினால் அடுப்பு மறுபடி பற்றிக்கொள்ளும், ஆனால் சோறு வேக நேரமாகும். வேலை தெரியவே நாலு முதல் ஆறு மணி நேரம், முழுசாக மாற அரை நாளுக்கு மேல். அடுத்தது பிளாஸ்மா, ரத்தத்தில் அணுக்கள் போக மிஞ்சுகிற நீர்ப்பகுதி, எஃப்.எஃப்.பி. என்பார்கள். அது அடுத்த வீட்டுக் கஞ்சி. உடனே கிடைக்கும், ஆனால் தண்ணியாக இருக்கும், பசி அடங்க லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டும். மூன்றாவது பி.சி.சி. நிறைய பேருடைய பிளாஸ்மாவிலிருந்து அந்த நாலு ஃபேக்டரை மட்டும் பிரித்து, காய்ச்சி, பொடியாக்கிய கட்டுச்சோறு. கரைத்து ஊசியில் ஏற்றினால் அரை மணி நேரத்துக்குள் ரத்தம் உறைகிற நிலைக்கு வந்துவிடும். "அதுதான் இப்ப வேணும். ஆனா எங்ககிட்ட ஸ்டாக் இல்ல. நீங்க வெளியில வாங்கிட்டு வரணும்."

அம்மாவின் எடை எவ்வளவு என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. இந்த மருந்தின் அளவை எடையையும் ஐ.என்.ஆரையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஐ.என்.ஆர். 6-க்கு மேல் போய்விட்டால் கிலோவுக்கு 50 யூனிட். கட்டில் தராசில் 58 கிலோ காட்டியது. 2900 யூனிட், குப்பிக்கு 500, ஆக ஆறு குப்பி. இந்தக் கணக்கை வாழ்நாளில் மறக்க மாட்டேன். வால்வு இருக்கிறவருக்கு இந்த மருந்து கொடுப்பதில் இன்னொரு பக்கமும் உண்டு. உறைய வைக்கப் போய், வால்விலேயே ரத்தம் கட்டிவிடலாம். அதற்கும் சேர்த்துத்தான் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பக்கம் மூளை, ஒரு பக்கம் வால்வு. "எதுக்கு முதலிடம் டாக்டர்?" என்று கேட்டேன். "இன்னைக்கு ராத்திரிக்கு மூளை" என்றார்.

சீட்டோடு வெளியே வந்தேன். முதல் மெடிக்கல் கடையில் பெயரை வாசிக்கவே தெரியவில்லை. இரண்டாவதில் "நாளைக்கு காலைல வரவழைச்சுத் தாரேன்" என்றார்கள். ஆறரை மணி. நாலாவது கடையில் இருந்த பார்மசிஸ்ட் பையன்தான் வழி சொன்னான்: "டீச்சர், இது சில்லறைக் கடையில இருக்காது. ஹீமோபீலியா, அதான் பிறவியிலயே ரத்தம் சரியா உறையாத நோய், அது இருக்குறவங்களுக்கு ஃபேக்டர் சப்ளை பண்ணுற ஏஜென்சியக் கேளுங்க." அவனே இரண்டு நம்பரும் கொடுத்தான். ஒரு ஏஜென்சியில் நாலு குப்பி இருந்தது. இன்னும் இரண்டு மதுரையிலிருந்து வர வேண்டும். குப்பி 13,800 ரூபாய் என்று பில் போட்டார்கள். கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும் என்றும் சொன்னார்கள், அந்த நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்கிற நிலையில் நான் இல்லை. ஆறுக்கும் சேர்த்து 82,800. ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் 50,000 ஏற்கனவே ஜிபேயில் கட்டியாயிற்று. ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் அனுப்ப முடியும் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. நாலு குப்பிக்கு 55,200. ஐயாயிரத்துச் சொச்சம் இடிக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா மகன் அவன் போனிலிருந்து மிச்சத்தை அனுப்பினான். வங்கியில் பணம் இருந்தும் கையில் இல்லாத நிலை எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன். இப்போது இரண்டு வங்கியில் கணக்கு, இரண்டு கார்டு, அதில் ஒன்றின் வரம்பைக் கூட்டி வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் சும்மா இருக்கவில்லை. போன உடனேயே வைட்டமின் கே 10 மில்லிகிராமைச் சின்ன டிரிப்பில் கலந்து அரை மணி நேரமாக மெதுவாக ஏற்றியிருந்தார்கள். வேகமாகப் போட்டால் ஒவ்வாமை வந்து பிரஷர் விழக்கூடும் என்பதால் அப்படி. அரசு ரத்த வங்கியிலிருந்து பி பாசிட்டிவ் பிளாஸ்மா நாலு பை வந்தது. பிளாஸ்மாவுக்கு ரத்த வகை பொருந்த வேண்டும். உறைந்து கல்லாக வருவதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் இளக்க அரை மணி நேரம். மூன்றாவது பை ஏறும்போதே அம்மாவுக்கு மூச்சு இறைத்தது. ஏற்கனவே பலவீனமான இதயம், அதில் முக்கால் லிட்டர் வெள்ளம். நிறுத்திவிட்டு நீர் பிரிய ஊசி போட்டார்கள். "இதுக்குத்தாம்மா அந்தப் பொடி மருந்து கேட்டோம்" என்று நர்ஸ் சொன்னார். பி.சி.சி.க்கு ரத்த வகை பார்க்க வேண்டாம், இளக்க வேண்டாம், ஒரு குப்பிக்குச் சுமார் 20 மில்லிதான் தண்ணீர்.

ஒன்பது பத்துக்கு நாலு குப்பியோடு உள்ளே ஓடினேன். நர்ஸ் அதைக் குலுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். குலுக்கினால் நுரைத்துவிடுமாம். பொடி கரைகிற வரைக்கும் நான் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதுவும் நடந்து நான் பார்த்ததில்லை. பத்து மணிக்கு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஐ.என்.ஆர். 1.4. மதுரைக் குப்பிகளுக்காகக் காத்திருக்காமல் பத்தரைக்குத் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு மணிக்கு டாக்டர் வெளியே வந்து "எடுத்தாச்சு" என்றார். நான் அழவில்லை. கேண்டீன் மூடிவிட்டதா என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை.

கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கதை அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் பொருந்தும். "ரத்தம் இளகுற மாத்திரை" என்று நம் ஊரில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம், முறிக்கிற மருந்து அப்படி இல்லை. டாபிகாட்ரான் என்கிற புது வகை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வைட்டமின் கே கொடுத்துப் பிரயோசனமே இல்லை. அதற்கென்றே இடருசிசுமாப் என்று ஒரு எதிர்மருந்து இருக்கிறது, அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது, 5 கிராம் கொடுப்பார்கள். ரிவராக்சபான், அபிக்சபான் என்கிற மற்றப் புது மாத்திரைகள் என்றால் கதை வேறு. அவற்றுக்கென்று வந்த ஆன்டெக்சனெட் கிடைக்காத இடங்களில் பி.சி.சி.யையே கொடுத்துப் பார்க்கிறார்கள். ஹெபாரின் ஊசிக்கு ப்ரோட்டமின். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் தட்டணுக்களைப் பிடிக்கிற மாத்திரைகள், இந்த மருந்துகள் எதுவும் அவற்றை முறிக்காது. அதனால் "ஹார்ட் மாத்திரை" என்று என்னைப் போல் சொல்லாதீர்கள், அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். "டெஸ்டே வேண்டாத புது மாத்திரைக்கு ஏன் மாத்தல?" என்று என்னிடம் பத்து பேராவது கேட்டிருப்பார்கள். செயற்கை வால்வு வைத்தவர்களுக்கு டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை, ரத்தக் கட்டியும் ரத்தக்கசிவும் அதிகமானதால் 2012-லேயே பாதியில் நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு இந்தப் பழைய மாத்திரைதான்.

ஆபரேஷன் முடிந்த பிறகு இன்னொரு பயம் ஆரம்பித்தது. மாத்திரை நின்றுவிட்டது, உள்ளே வால்வு மட்டும் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கிறது. எப்போது மறுபடி ஆரம்பிப்பது என்பதில் மூளை டாக்டரும் இதய டாக்டரும் என் முன்னாலேயே வாக்குவாதம் பண்ணினார்கள். ஏழாம் நாள் மறு ஸ்கேன் பார்த்துவிட்டு ஹெபாரினை மெதுவாக ஆரம்பித்தார்கள், பிரச்சினை என்றால் உடனே நிறுத்த முடியும் என்பதால். பிறகு அசிட்ரோம். ஆனால் அன்றைக்குப் போட்ட வைட்டமின் கே உடம்பில் தங்கியிருந்ததால் ஐ.என்.ஆர். பத்து நாளைக்கு மேல் 1.5-ஐத் தாண்ட மறுத்தது. இதை யாரும் முன்னால் சொல்லாததால் மாத்திரை போலியோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். மொத்தம் 24 நாள். பில் நாலே கால் லட்சம். தம்பி அனுப்பியது போக, வளையலையும் ஆரத்தையும் அடகு வைத்தேன். சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரத்துக்கு அரசுத் திட்டம் இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார், அது வீட்டில் விழுந்தவர்களுக்குக் கிடையாது.

அம்மா இப்போது நடக்கிறாள். வலது கை கொஞ்சம் மந்தம், கோலம் போட இழுக்கிறது. பெயர்கள் சட்டென்று வராது, என்னைத் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அவளே சிரிப்பாள். மெடிக்கல் கடைக்காரர் இப்போதெல்லாம் அவள் எதைக் கேட்டாலும் எனக்குப் போன் பண்ணிவிட்டுத்தான் கொடுக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை. அவரிடம் அம்மா வால்வைப் பற்றிச் சொல்லவே இல்லை. எந்தப் புது மாத்திரை சேர்ந்தாலும், மூன்று நாலு நாளில் ஒரு ஐ.என்.ஆர். பார்த்துவிடுகிறோம். திருநெல்வேலியில் எந்த ஆஸ்பத்திரியில் பி.சி.சி. ஸ்டாக் இருக்கும் என்று போனிலேயே கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி கேட்பேன், எரிச்சல்படுகிறார்கள், படட்டும். கீரையைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்று ஊரில் சொல்வதை நிறுத்திவிட்டோம். வாரத்துக்கு இரண்டு நாள், அதே அளவு, முருங்கைக்கீரை உண்டு. அளவு திடீரென்று கூடுவதும் குறைவதும்தான் ஆகாது என்றார் இதய டாக்டர்.

மதுரையிலிருந்து வர வேண்டிய அந்த இரண்டு குப்பியும் ராத்திரி பன்னிரண்டேகாலுக்கு ஒரு வேன் டிரைவர் கையில் வந்து சேர்ந்தன, அம்மா தியேட்டருக்குள் இருக்கும்போது. தேவைப்படவில்லை. மறுநாள் காலை தம்பி பணம் கட்டினான், 27,600 ரூபாய். ஏஜென்சி திருப்பி எடுக்க மாட்டேன் என்றது. ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து, ஒரு தடவை கைமாறினால் எந்தச் சூட்டில் வைத்திருந்தோம் என்று தெரியாதாம், அதே காரணத்தைச் சொல்லி ஆஸ்பத்திரியும் வாங்கவில்லை. வாங்குவதற்கு முன்னாலேயே, திறக்காத குப்பியைத் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். இரண்டும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இனி யாரும் யாருக்கும் அதைப் போட மாட்டார்கள் என்று தெரியும். ஒவ்வொரு தடவை ஃபிரிட்ஜைத் துடைக்கும்போதும் எடுத்து வெளியே வைப்பேன். அம்மா பார்த்துவிட்டு, "காசு குடுத்து வாங்கினதுட்டி, இருந்துட்டுப் போகட்டும்" என்பாள். திரும்ப உள்ளே வைத்துவிடுவேன்.